வலி மாத்திரையும் வயிற்றின் இருட்டறையும்

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. வந்துவிட்டால், உடனே கை தேடுவது மாத்திரையைத்தான். மூட்டுவலி, இடுப்புவலி, பல்வலி, சுளுக்கு, எதுவானால் என்ன? தெருமுனை மருந்துக் கடையில் 'வலிக்கு ஒரு மாத்திரை' என்று கேட்டால் கிடைத்துவிடுகிறது. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். அரை மணியில் வலி குறைகிறது. மறுநாள் மீண்டும் வந்தால், மீண்டும் ஒன்று.

இந்த மாத்திரைகளைக் குறை கூறுவது நன்றி கெட்ட செயல் ஆகும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் முதலிய மருந்துகள் இல்லாவிட்டால், வாத நோயால் முடங்கிக் கிடந்திருக்கக்கூடியவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருப்பார்கள். எழுந்து நடக்கவும், சமைக்கவும், சம்பாதிக்கவும் அவர்களுக்கு இம்மருந்துகள் கைகொடுத்திருக்கின்றன.

ஆனால் கைகொடுக்கும் நண்பன் சில சமயம் மடியிலும் கை வைப்பான். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்பது பலரும் அறிந்த சங்கதி. அதற்காகத்தான் கூடவே ஒரு 'காஸ் மாத்திரை'யையும் போட்டுக் கொள்கிறார்கள். அதோடு ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீரவில்லை. இரைப்பைக்கு அப்பால், கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத நீண்ட குடலுக்குள், இதே மாத்திரைகள் வேறொரு வேலையும் செய்வதுண்டு. அபூர்வமாகத்தான் அது முற்றுகிறது. முற்றும்போதோ, நோய் என்னவென்றே தெரியாமல் நோயாளியும் டாக்டரும் மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் திண்டாட நேரிடுகிறது.

மரப்பட்டையிலிருந்து மாத்திரைக்கு

வலிக்கு வில்லோ மரப்பட்டையை உபயோகிக்கும் வழக்கம் மேல்நாடுகளில் மிகப் பழையது. 1763-ல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அப்பட்டையின் பொடி காய்ச்சலைத் தணிப்பதைக் கண்டு லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதி அனுப்பினார். பிற்காலத்தில் இந்த வழியில் வந்த சாலிஸிலிக் அமிலத்தை வாத நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, வயிறோ எரிந்தது. 1897-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற ரசாயன நிபுணர் அந்த அமிலத்தைச் சற்று மாற்றிச் சுத்தமான உருவில் தயாரித்தார். 1899-ல் அது 'ஆஸ்பிரின்' என்ற பெயருடன் வெளிவந்தது.

வயிற்றுக்கு இதமான மருந்து என்றுதான் அதை முதலில் எல்லோரும் நம்பினார்கள். 1938-ல் லண்டனில் டௌத்வெய்ட், லிண்டாட் என்ற இரு டாக்டர்கள், இரைப்பைக்குள் குழாயை விட்டுப் பார்க்கும் கருவியைக் கொண்டு, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் வயிற்றின் உட்புறத்தை நேரிலேயே பார்த்தார்கள். மாத்திரைத் துணுக்குகள் ஒட்டியிருந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. இதமான மருந்து என்ற பேச்சுக்கு அன்றே அடி விழுந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புது மருந்துகள் வந்தன. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் கண்டுபிடித்த ஐபுப்ரோஃபென் 1969-ல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொன்றும் வயிற்றை முன்னதைவிடக் குறைவாகவே தொந்தரவு செய்யும் என்ற நம்பிக்கையுடன்தான் வந்தது. எனினும் முற்றிலும் சாதுவான மருந்து எதுவும் வரவில்லை. ஏன்?

ஒரே பொருள், இரண்டு வேலை

இதற்கு விடை 1971-ல் கிடைத்தது. லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி, கினிப்பன்றியின் நுரையீரல் திசுவைக் கொண்டு ஆராய்ச்சி செய்து, ஆஸ்பிரின் உடலில் என்ன செய்கிறது என்பதை வெளிப்படுத்தினார். உடலில் காயமோ வீக்கமோ ஏற்பட்டால் 'புராஸ்டாகிளாண்டின்' என்ற பொருள்கள் அங்கே சுரக்கின்றன. வலியைப் பெருக்குவதும், வீங்கச் செய்வதும், காய்ச்சலை உண்டாக்குவதும் இவைதாம். ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் இவை உற்பத்தியாவதையே தடுத்துவிடுகின்றன. இந்தத் துறையில் செய்த சாதனைக்காக 1982-ல் வேனுக்கும், ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சங்கடம் இங்கேதான் இருக்கிறது. முழங்காலில் வலியைக் கிளப்பும் அதே இனப் பொருள், வயிற்றில் காவல்காரனாக நிற்கிறது. இரைப்பையின் உட்சுவரில் வழவழப்பான பூச்சைச் சுரக்கச் செய்வதும், அங்கே ரத்த ஓட்டத்தைக் காப்பதும் அதன் பொறுப்பு. மாத்திரை உள்ளே போனதும் முழங்காலில் வலி அடங்குகிறது. வயிற்றிலே காவல் தளர்கிறது. தன் அமிலமே தன்னை அரிக்க, புண் உண்டாகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். 'மாத்திரைதானே வயிற்றைக் கெடுக்கும்? ஊசியாகப் போட்டுக் கொண்டால் என்ன?' என்று சிலர் கேட்பதுண்டு. ஊசியாகப் போட்டாலும் மருந்து ரத்தத்தில் கலந்து எல்லா இடத்திலும் காவலைத் தளர்த்தத்தான் செய்யும். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் எரிச்சல் குறையலாம். ஆபத்து அடியோடு நீங்குவதில்லை.

எட்டாத இடம்

இரைப்பைப் புண்ணைக் கண்டுபிடிப்பது இன்று கஷ்டமல்ல. வாய் வழியாக விடும் குழாய் இரைப்பையையும் அடுத்துள்ள முன்குடலையும் காட்டிவிடும். கீழிருந்து விடும் குழாய் பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களையும் காட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே, சுருண்டு மடங்கிக் கிடக்கும் சிறுகுடலோ பல மீட்டர் நீளமுள்ளது. வெகு காலம் வரை டாக்டர்களுக்கு அது இருட்டறையாகவே இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்பதை அறுவைச் சிகிச்சையிலோ, இறந்த பிறகு செய்யும் சோதனையிலோதான் பார்க்க முடியும்.

அந்த இருட்டறையில் ஏதோ விபரீதம் நடக்கக்கூடும் என்பதற்கு 1983-ல் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. இண்டோமெதசின் என்ற வலி மருந்தை ஒரு நூதனமான மாத்திரைக்குள் அடைத்து, நுண்ணிய துவாரத்தின் வழியே சிறுகச் சிறுகக் கசியும்படி செய்து, 'ஆஸ்மோசின்' என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். இரைப்பையில் மொத்தமாகக் கொட்டாமல் குடல் நெடுகக் கசிந்தால் நல்லதுதானே என்பது எண்ணம். நடந்தது வேறு. சாப்பிட்டவர்களில் சிலருக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. மருந்து அந்த 1983-ம் ஆண்டிலேயே வாபஸ் பெறப்பட்டது.

மூங்கில் கணுவைப் போல

1988-ல் லண்டனை அடுத்த ஹாரோவில் உள்ள நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். நெடுநாள் வலி மாத்திரை சாப்பிட்டவர்களின் சிறுகுடலில் தாங்கள் கண்ட ஒரு விசித்திர மாறுதலை அதில் விவரித்திருந்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'டயாப்ரம் நோய்'.

மூங்கிலைப் பிளந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கணுவுக்குக் கணு குறுக்கே ஒரு தட்டு இருக்கும் அல்லவா? அதே போல, குடலின் உள்ளே குறுக்கே மெல்லிய சவ்வுத் தட்டுக்கள் வளர்ந்துவிடுகின்றன. கனம் சில மில்லிமீட்டர்தான். நடுவில் மட்டும் ஒரு துவாரம். முற்றிய நிலையில் அது குண்டூசித் தலை அளவுக்குக்கூடச் சுருங்கிவிடும். ஒன்றல்ல, வரிசையாகப் பல தட்டுக்கள் இருப்பதும் சகஜம். சாப்பிட்ட ஆகாரம் அந்தத் துவாரத்தின் வழியேதான் போக வேண்டும்.

இது எப்படி உண்டாகிறது? முதலில் குடலின் உள்மடிப்பின் விளிம்பைச் சுற்றிப் புண் ஏற்படுகிறது. புண் ஆறுகிறது, ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்குகிறது. மாத்திரை தொடர்ந்து உள்ளே போகப் போக, மீண்டும் புண், மீண்டும் தழும்பு. சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பது போல வளையம் இறுகிக் கொண்டே வருகிறது.

இந்த நோயில் டாக்டர்களை ஏமாற்றும் அம்சங்கள் ஒன்றிரண்டல்ல. எக்ஸ்ரே படத்தில் தட்டுக்கள் குடலின் இயற்கையான மடிப்புகளைப் போலவே தோன்றும். வயிற்றைத் திறந்து பார்த்தாலும், குடலின் வெளிப்புறம் பெரும்பாலும் மாசு மறுவற்று இருக்கும். தேர்ந்த சர்ஜன் கையால் தடவிப் பார்த்தும் ஒன்றும் தட்டுப்படாமல் போகலாம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முறுக்கி இழுக்கும் வலி, உப்புசம், வாந்தி என்று வரும் நோயாளியிடம் 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லி அனுப்ப நேரிடுகிறது. அவர் வீட்டுக்குப் போய், அந்த வலிக்கும் சேர்த்து இன்னொரு வலி மாத்திரை சாப்பிட்டால் கதி என்ன?

காஸ் மாத்திரை காக்காதா?

இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்ரசோல் முதலிய மருந்துகள் இரைப்பைப் புண்ணைத் தடுப்பதில் மிகவும் உதவுகின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் சிறுகுடலில் அமிலம் முக்கியக் குற்றவாளி அல்ல. அங்கே பித்தநீரும் பாக்டீரியாக்களும்தான் கூட்டாளிகள். சில மருந்துகள் கல்லீரலுக்குப் போய், பித்தநீருடன் கலந்து மறுபடியும் குடலுக்கே வந்து சேருகின்றன. ஒரே மாத்திரை குடலைப் பல முறை உரசிச் செல்கிறது என்று வைத்துக் கொள்ளலாம். காவல் தளர்ந்த சுவரில் பாக்டீரியாக்கள் நுழைந்து வீக்கத்தைப் பெருக்குகின்றன. கிருமியே இல்லாத சூழ்நிலையில் வளர்த்த எலிகளுக்கு இண்டோமெதசின் கொடுத்தபோது அவற்றின் குடல் பெரிதும் தப்பியது என்று 1977-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து இந்தச் சண்டையில் தலையிடுவதில்லை.

மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் உண்மை? 1992-ல் ஸ்காட்லாந்தின் க்ளாஸ்கோ நகரிலிருந்து ஒரு கணக்கு வெளிவந்தது. இறந்துபோன 713 பேரின் உடல்களைச் சோதித்ததில், 249 பேர் இறப்பதற்கு முந்திய 6 மாதங்களில் இவ்வகை வலி மருந்துகளைப் பெற்றிருந்தவர்கள். அவர்களில் சிறுகுடல் புண் காணப்பட்டது 100-க்கு 8.4 பேரிடம். மருந்து பெறாத 464 பேரில் 100-க்கு 0.6 பேரிடம் மட்டுமே. நெடுநாள் மருந்து சாப்பிட்ட 3 பேர் சிறுகுடல் புண் ஓட்டையாகியே இறந்திருந்தார்கள்.

விழுங்கும் காமிரா

2001-ல் அமெரிக்காவில் ஒரு புதுமையான கருவி அனுமதி பெற்றது. 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள மாத்திரை வடிவக் காமிரா அது. விழுங்கிவிட்டால், ஆகாரத்தோடு ஆகாரமாக இறங்கி, வழி நெடுகப் படம் எடுத்து, இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பிக் கொண்டே போகும். இருட்டறையில் விளக்கு எரிந்தது!

2005-ல் வெளியான ஒரு சோதனையில், நல்ல ஆரோக்கியமுள்ளவர்களுக்கு 2 வாரம் மருந்து கொடுத்து இக்காமிராவால் பார்த்தார்கள். நாப்ராக்ஸென் மாத்திரையும் துணைக்கு ஒமிப்ரசோலும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 55 பேரின் சிறுகுடலில் சிராய்ப்புகள் தென்பட்டன. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 7 பேர்தான். செலகாக்ஸிப் என்ற பிற்கால மருந்தைச் சாப்பிட்டவர்களில் 16 பேர்.

இதைக் கேட்டுப் பீதி அடைய வேண்டியதில்லை. இந்தச் சிராய்ப்புகளில் பெரும்பாலானவை தாமே ஆறிவிடக் கூடியவை. அவற்றில் மிக மிகச் சிலவே தட்டாக வளர்ந்து குடலை அடைக்கின்றன. அப்படி அடைத்திருந்தால் காமிராவே அங்கே மாட்டிக் கொள்வதும் உண்டு. நோயைத் தேடிப் போன காமிரா நோயின் வாசலிலேயே சிறைப்பட்டு, 'இதோ இங்கேதான்' என்று காட்டிக் கொடுக்கும்! அதனால் சந்தேகம் இருந்தால், முதலில் தானே கரைந்துவிடும் போலி மாத்திரை ஒன்றைக் கொடுத்து, வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கொள்கிறார்கள்.

ஜப்பானில் ஹிரோனோரி யமமோட்டோ என்ற டாக்டர் 2001-ல் அறிவித்த இரட்டைப் பலூன் குழாய், சிறுகுடலின் ஆழத்துக்கே போகிறது. அதன் மூலம் சில நோயாளிகளுக்கு அறுவையின்றியே தட்டை விரித்துவிட முடிகிறது. மற்றவர்களுக்குக் குடலின் அப்பகுதியை வெட்டி எடுக்க நேரிடுகிறது. எந்தச் சிகிச்சை செய்தாலும் நிபந்தனை ஒன்றுதான்: வலி மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தட்டு மறுபடியும் வளரும்.

தொண்டை முதல் பெருங்குடல் வரை

வேறு சில அபூர்வத் தொல்லைகளும் உண்டு. தண்ணீரில்லாமல், அல்லது ஒரே ஒரு மிடறு தண்ணீருடன் மாத்திரையை விழுங்கி அப்படியே படுத்துவிட்டால், அது உணவுக் குழாயிலேயே ஒட்டிக் கொண்டு புண்ணாக்கலாம். விடிந்ததும் நெஞ்சுக் குழியில் தாங்க முடியாத வலி. எச்சில் விழுங்கவும் முடியாது. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பெருங்குடலில், கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாத, பூதக்கண்ணாடியில் மட்டுமே புலப்படும் ஒரு வகை அழற்சி உண்டு. நீராகப் பேதியாவது அதன் அடையாளம். வயது முதிர்ந்த பெண்களிடம் இது அதிகம். இதற்கும் வலி மருந்துகளுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அபினி இனத்தைச் சேர்ந்த கோடீன், டிரமடால் முதலிய மருந்துகளோ குடலின் அசைவையே மந்தமாக்கி மலச்சிக்கலை உண்டாக்குகின்றன.

ரத்தம் குறைவதன் ரகசியம்

இவற்றையெல்லாம் ஒரு சாதாரண மனிதர் எப்படிக் கண்டுகொள்வது? குடல் எப்போதும் கூச்சல் போட்டுச் சொல்வதில்லை. துளித் துளியாக ரத்தம் கசியும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. முதலில் தெரிவது சோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளிறும். புரதமும் கூடவே கசிந்து போனால் கால் வீங்கும். 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டார் சொல்வார்கள். இரும்புச் சத்து மாத்திரை ஒரு பக்கம், முழங்கால் வலி மாத்திரை மறு பக்கம் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அன்போடு கொடுப்பார்கள். ஒரு கை நிரப்புவதை மறு கை ஒழுக விடுகிறது!

ஆகவே, ரத்தசோகை என்று டாக்டரிடம் போகிறவர்கள், தாங்கள் சாப்பிடும் வலி மாத்திரையைப் பற்றித் தாமாகவே சொல்ல வேண்டும். கடையில் வாங்கியதாயிற்றே, அது ஒரு மருந்தா என்று விட்டுவிடக் கூடாது. அட்டையைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. அந்த ஒரு வார்த்தை பல சோதனைகளை மிச்சப்படுத்தும். சிலரை ஆபரேஷன் மேஜையிலிருந்தும் காப்பாற்றும்.

மலம் தாரைப் போலக் கறுத்துப் போனாலும், வாந்தியில் ரத்தமோ காப்பிப் பொடி போன்ற பொருளோ கண்டாலும், திடீரென்று வயிறு கல்லாக இறுகி வலித்தாலும், ஒரு நாழிகைகூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

அறுபத்தைந்து வயது கடந்தவர்கள், முன்பே குடல் புண் இருந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடக் கூடாது. டெங்கு என்ற சந்தேகம் உள்ள காய்ச்சலில் யாருமே ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் சாப்பிடலாகாது.

கடைகளில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றாகவோ, ஒரே இனமாகவோ இருக்கலாம். பல்வலிக்கு ஒன்று, இடுப்புவலிக்கு ஒன்று என்று இரண்டு அட்டைகளைச் சேர்த்துச் சாப்பிடுவது இரட்டை அபாயம். தேவையான மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள் என்பதே வைத்திய உலகம் ஒப்புக் கொண்ட விதி.

முழங்கால் போன்ற இடத்து வலிக்கு மேலே பூசும் களிம்பு பலருக்குப் போதும். அதிலிருந்து ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. பாராசிட்டமால் குடலுக்குச் சாது. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கொன்றுவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும் குடிப் பழக்கம் உள்ளவர்களும் அதற்கும் குறைவாகவே சாப்பிட வேண்டும்.

மாரடைப்பு வந்து, இருதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினைச் சாப்பிடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அதை நிறுத்துவதால் வரும் ஆபத்து, குடலுக்கு வரும் ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடும். அந்த முடிவு டாக்டருடையது.

வலி என்பது உடல் கொடுக்கும் தந்தி. அதை வாங்கிப் படிக்காமல் கிழித்துப் போட்டுக் கொண்டே இருந்தால், செய்தி என்னவென்று கடைசி வரை தெரியாமலே போய்விடும். ஒரு வாரத்துக்கு மேலும் தீராத வலிக்கு வேண்டியது அடுத்த அட்டை மாத்திரை அல்ல. வலிக்கு மூலம் எங்கே என்று தேடிப் பார்க்கும் ஒரு டாக்டர்.